தோட்டப் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்த பாட்டியின் வரலாற்றை எப்படி எழுதுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்த உங்கள் பாட்டியின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் வெளியிட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உறவினர்களைக் கேட்டால் எல்லாரும் பொறுமைசாலி, தியாகி, தெய்வம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்றும், அவர் உண்மையில் என்ன செய்தார், எதை விட்டுச் சென்றார் என்பதை எப்படி அறிந்து எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்த குறிப்புகள் இவை: 1930களின் நடுவில் தோட்டத்தில் பிறந்தவர், தந்தை ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போய்த் திரும்பவில்லை, 1950களின் நடுவில் ஆசிரியையாகி 1980களின் இறுதியில் ஓய்வு பெற்றவர், தம்பி தங்கைகளையும், பிறகு தம் பிள்ளைகளையும், பேரப்பிள்ளைகளில் சிலரையும் வளர்த்து ஆளாக்கியவர். பேராக் மாநிலத் தோட்டப் பள்ளிகளில் அவருக்கு அடுத்த தலைமுறை ஆசிரியையாகப் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். இந்தக் குறிப்புகளே அவருடைய வாழ்வைப் பெருமளவு திறந்து காட்டப் போதுமானவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரைத் தியாகச் செம்மல் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அப்படி எழுதும்போது அவர் பட்ட துன்பம் மட்டும் தெரியும். அவர் செய்த வேலை மறைந்துபோகும். அவர் தொழில் தெரிந்த ஆசிரியை. மாதச் சம்பளத்தைத் தம் கையில் வாங்கி, அதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் போக்கையே திருப்பியவர். அந்தத் தொழிலையும் அந்தக் கணக்கையும் விரிவாக எழுதுங்கள். பாசமும் பொறுமையும் தானாகவே அதில் தெரியும்.

அவர் பிறந்த காலத்தில் தோட்டத்துப் பள்ளி என்பது சட்டத்துக்காகக் கட்டப்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று அன்றைய கூட்டமைப்பு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1912 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்தக் கடமை பேசப்படுகிறது. இந்நாட்டில் தமிழ்க் கல்வி அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்துத்தான் 2016இல் இருநூறு ஆண்டு விழா எடுத்தோம். ஆனால் தோட்டத்தில் அந்தக் கல்வி பெரும்பாலும் ஒரு கொட்டகையும் ஒரு கரும்பலகையுமாகவே இருந்தது. கற்றுக்கொடுத்தவர் தோட்ட எழுத்தரான கிராணியாகவோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியாகவோ இருப்பார். பையன்கள் ஓரிரு ஆண்டுகள் வந்து எழுத்துக்கூட்டப் பழகியதும் ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் வருவதே அரிது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு பெண் ஆசிரியையாக வெளிவந்தார் என்பதை உங்கள் மலரின் முதல் பக்கங்களிலேயே, சூழலோடு சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது அந்தத் தந்தை. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றில் மாண்டவர்களுக்குச் சரியான பதிவே கிடையாது. போன ஆண் திரும்பாத வீடுகளில் தாய் பால் வெட்டினாள். மூத்த பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். உங்கள் பாட்டிக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருந்திருக்கும். குடும்பத் தலைமை அவருக்கு மாமியாரான பிறகோ தலை நரைத்த பிறகோ வந்ததன்று. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கையைக் கையில் பிடித்த அந்த வயதிலேயே அது வந்துவிட்டது. அவருடைய கண்டிப்பைப் பற்றி உறவினர்கள் முணுமுணுப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கண்டிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒருவர் தவறினால் எல்லாரும் விழுவோம் என்ற நிலையில் வளர்ந்த பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துப் போவது எளிதில் வராது.

போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத நிலையில் உங்கள் ஊர் வேறொரு காரணத்துக்காக வரலாற்றில் இடம்பெற்றது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயன்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டதையும், ஊரடங்கையும், கிளர்ச்சியாளர்களுக்கு அரிசி ஒரு பிடிகூட வெளியே போகாதபடி வாசலில் நடந்த சோதனையையும் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாட்டி மாணவியாக இருந்ததும், வேலையில் சேர்ந்ததும், அநேகமாகத் திருமணமானதும் இந்தக் காலத்துக்குள்தான். அவர் எந்த வேலிக்குள் இருந்தார், மாலை எத்தனை மணிக்கு வாசல் மூடப்பட்டது, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்க அனுமதி இருந்ததா என்று உயிரோடிருக்கும் தங்கைகளைக் கேளுங்கள்.

அந்நாளில் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ தேறியவரே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியரானார். பகலில் கற்பித்துக்கொண்டே வார இறுதியில் டவுனில் கூடிய நார்மல் வகுப்புக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். 1956 ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும்தான் தமிழ்த் தொடக்கப்பள்ளியை நாட்டுக் கல்வி முறைக்குள் கொண்டுவந்து, ஆசிரியர்களைப் பொதுவான ஒரு சேவை முறைக்குள் நிறுத்தின. அதற்கு முன் 1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்று மொழிகளாக இருக்கும் தேசியப் பள்ளியைப் பரிந்துரைத்திருந்தது. ஆகவே உங்கள் பாட்டி வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்ப்பள்ளி தொடர்ந்து இருக்குமா என்பதே உறுதியில்லாத காலம். சுங்கை சிப்புட்டில், பின்னாளில் அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தது எங்கள் வட்டாரத்தில் எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். மலரில் அதிகப் பக்கங்களை இதற்கே ஒதுக்குங்கள். தோட்டத்து நாள் விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தொடங்கும். தாயும் தகப்பனும் வாளியும் உளியுமாகக் கித்தா (ரப்பர்) காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்கும், நடக்கத் தெரிந்தவர்கள் அக்காவின் பொறுப்புக்கும் போவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்ப அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. எனவே ஆசிரியையின் வேலை பள்ளி மணிக்கு முன்பே தொடங்கியது. லயன் வாசல்களைச் சுற்றிவந்து பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் ஒரு சீப்பும் எண்ணெய்ப் போத்தலும் வைத்திருப்பார்கள்.

பிறகு வகுப்பு. ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள், ஒரே ஆசிரியை. கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் மூன்றாகக் கோடு போட்டுப் பிரிப்பார்கள். இடப்பக்கம் முதல் வகுப்புக்கு எழுத்து, நடுவில் இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு, வலப்பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கேள்விகள். ஒரு வகுப்பு சிலேட்டில் எழுதும்போது இன்னொன்று மௌனமாக வாசிக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் வாய்விட்டுப் பாடம் நடக்கும். கால் மணிக்கொரு முறை இந்த வரிசை மாறும். எந்த வகுப்பும் சும்மா இருக்காதபடி, ஒன்றின் சத்தம் மற்றொன்றைக் கெடுக்காதபடி இதை நடத்துவது சாதாரணத் திறமையன்று. நான் பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைகள் எதுவும் இதற்கு உதவவில்லை. மூத்த ஆசிரியைகளின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் பாட்டி இப்படிக் கற்பித்தாரா, எந்தப் பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக வைத்தார், வாய்பாட்டை எப்படி மனனம் செய்ய வைத்தார் என்று அவரிடம் படித்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றைச் சுருக்காமல் அப்படியே பதியுங்கள்.

பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றை என் பணிக்காலத்தில் கையில் எடுத்துப் படித்திருக்கிறேன். அகலமான ஏடு, மூலைகள் கரையான் தின்றவை, பெயர்கள் கறுப்பு மையில். கடைசிப் பத்தியில் பள்ளியை விட்டு விலகிய காரணம் எழுதப்பட்டிருக்கும். பையன்களுக்கு எதிரே பெரும்பாலும் வேலைக்குப் போனதாகவோ தோட்டம் மாறியதாகவோ இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு எதிரே தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டதாக, வயதுக்கு வந்துவிட்டதாக. சில பெயர்களுக்கு அருகில் மட்டும் பென்சிலால் சிறு குறிப்பு இருந்தது: வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்த்ததாகவும், பிள்ளை திங்கட்கிழமை முதல் மீண்டும் வருவாள் என்றும். அந்தப் பெயர்களில் விலகிய காரணம் அடிக்கப்பட்டு, அடுத்த வகுப்புக்குத் தேறியதாகப் பதிவாகியிருந்தது. ஓர் ஆசிரியை விட்டுச் சென்றது என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? இப்படி அடிக்கப்பட்ட வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் என்பேன்.

பள்ளி விட்ட பிறகும் வேலை தொடர்ந்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசிப்பது, பதில் எழுதுவது, மணியார்டர் பாரம் நிரப்புவது எல்லாம் ஆசிரியை வீட்டுத் திண்ணையில் நடந்தன. இவற்றில் மிக முக்கியமானது குடியுரிமை. 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஓராண்டின் அருமையைத் தோட்டத்தில் எத்தனை பேர் உணர்ந்திருந்தார்கள்? உணர்ந்தவர்களிடமும் பிறப்புப் பத்திரம் இருக்காது. இருந்தாலும் பெயர் ஒன்றாகவும் தகப்பன் பெயர் வேறாகவும் இருக்கும். உட்கார்ந்து கேட்டு, பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பாரத்தைத் தவறில்லாமல் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எந்தத் தோட்டத்தில் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தாரோ அங்கே குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைகள் வந்தன. இல்லாத இடங்களில் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டையோடு நின்றவர்கள் பலர். 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது இந்த வேறுபாடு சோற்றிலேயே தெரிந்தது. உங்கள் பாட்டி 1957, 58இல் இளம் ஆசிரியை. அவர் கையெழுத்தில் நிரப்பப்பட்ட பாரங்களின் பயனை இன்று மூன்றாம் தலைமுறை அனுபவித்துக்கொண்டிருக்கக்கூடும். பலருக்கு அது தெரியாது. விசாரியுங்கள்.

அவருடைய சம்பளத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஒரே வேலைக்கு ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியம் என்பதே அன்றைய விதி. திருமணமான பெண்ணை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்ளாத வழக்கமும் இருந்தது. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து ராசம்மா பூபாலன் போன்றவர்கள் போராடிய பிறகே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் சம ஊதியம் படிப்படியாக வந்தது. ஆகவே பாட்டி தம் பணிக்காலத்தின் முதற்பாதியைக் குறைந்த ஊதியத்தில்தான் கழித்திருக்கிறார். அதிலும் தம்பியின் பள்ளிக் கட்டணம், தங்கையின் கல்யாணம், தாயின் மருந்து என்று பிரித்திருக்கிறார். சீட்டுக் கட்டியதும், நகை அடகுக் கடைக்குப் போய் வந்ததும், பழைய நோட்டுகளில் எங்கேயாவது கணக்காக இருக்கும். கிடைத்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அப்படியே மலரில் போடுங்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அவர் வாங்கிய வீடு. தோட்டத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போவது. ஆசிரியர் குடியிருப்பும் அப்படித்தான். ஓய்வு பெற்ற மறுமாதம் எங்கே போவது என்ற கேள்வி ஒவ்வொரு தோட்டக் குடும்பத்தின் தலைமேலும் தொங்கியது. தோட்டங்கள் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டபோது அது பெருந்துன்பமாக வெடித்தது. அதைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதம் பத்து வெள்ளி (டாலர்) சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. உங்கள் பாட்டி 1970களில் டவுனை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு சிறு வீடு வாங்கினார் என்று போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது ஒரு வரியில் முடிகிற செய்தியன்று. தோட்டம் மூடப்பட்டு வந்த சித்தப்பா குடும்பம் முதலில் எங்கே தங்கியது? டவுன் இடைநிலைப்பள்ளியில் படித்த உறவுப் பிள்ளைகள் எந்த முகவரியைக் கொடுத்தார்கள்? மின்சாரமும் மேசையும் இருந்த அந்த ஒரு வீட்டில் எத்தனை பேர் தேர்வுக்குப் படித்தார்கள்? அந்த வீட்டில் வந்து தங்கிப் போனவர்களின் பட்டியலை ஆண்டுவாரியாகத் தயாரித்தால் உங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வெளியேறிய வரலாறே கிடைத்துவிடும். குடும்பத் தலைவி என்று அவரை அழைப்பதற்கான ஆதாரமும் அதுவே.

பள்ளியின் கதையில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு, அதையும் மறைக்காதீர்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530ஐ ஒட்டித்தான். ஆறாம் வகுப்பு முடித்த தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளியில் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. அங்கே மலாய் மொழியில் தடுமாறி நின்றுவிட்ட பிள்ளைகள் ஏராளம். ஆறாண்டு பாடுபட்டு வளர்த்த பிள்ளை பதின்மூன்று வயதில் நின்றுபோய், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குவதைப் பார்ப்பது எந்த ஆசிரியைக்கும் வலி. உங்கள் பாட்டி மாலையில் இலவசமாக மலாய் சொல்லிக் கொடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவரே தட்டுத் தடுமாறிக் கற்ற மொழி அது. வயதான பிறகு அகராதியை வைத்துக்கொண்டு இரவில் தயார் செய்து மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆசிரியைகள் அந்தத் தலைமுறையில் பலர் இருந்தார்கள். அவர்களை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அவர் எல்லாருக்கும் நல்லவராக இருந்திருக்க முடியாது. வீட்டில் அவர் சொல்லே சட்டமாக இருந்தது, ஒரு மகள் விரும்பிய படிப்பைத் தடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மகள் சம்மதித்தால் அதை அவரே எழுதட்டும். மற்றவர்கள் அவருக்குப் பதிலாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்காக லயன் லயனாக நடந்தவர் தம் வீட்டில் வேறு அளவுகோல் வைத்திருந்தார் என்றால், அதுவும் அக்கால அச்சங்களில் பிறந்ததுதான்.

கடைசியாக, எங்கே தேடுவது. பள்ளி இடம் மாறியிருந்தாலும் சேர்க்கைப் பதிவேடும் தலைமையாசிரியரின் அன்றாடக் குறிப்பேடும் பெரும்பாலும் உடன் எடுத்துச் செல்லப்பட்டிருக்கும். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓய்வூதியக் கோப்புடன் வைத்திருந்த பணிப்பதிவு நகல் வீட்டில் இருந்தால், எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். தமிழ் முரசு நாளேட்டின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. தோட்டத்துப் பள்ளி விழாக்கள், அந்நாளேட்டின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றச் செய்திகள், அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு நன்கொடை தந்தவர்கள் என்று தேடிப் பாருங்கள். இவற்றையெல்லாம்விட அவசரமானது அவரிடம் படித்தவர்களைச் சந்திப்பது. முதல் மாணவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். பொதுவாக எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், எதற்கு அடி வாங்கினீர்கள், பள்ளியை விட்டு நிற்க இருந்த உங்களைத் தேடி யார் வந்தார் என்று கேளுங்கள். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, தேதியும் இடமும் சொல்லி வையுங்கள். மலர் அச்சானதும் இரண்டு பிரதிகளை அவர் பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்கும், ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும் அனுப்பி வையுங்கள்.